எச்சில் வற்றிய வாய்க்கு லேசரா, மாத்திரையா?

காய்ச்சல் சிரப்போடு வரும் அளவு மூடி ஒன்றைக் கையில் பிடித்துக்கொண்டு, அம்மா 15 நிமிடம் தலையைக் குனிந்தபடி உட்கார்ந்திருந்தார். அதற்கு முன் ஒரு மணி நேரம் எதுவும் சாப்பிடவில்லை, தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. விழுங்கக் கூடாது, காறவும் கூடாது. வாயில் தானாக ஊறுவதை மட்டும் அவ்வப்போது மூடிக்குள் விட வேண்டும். நேரம் முடிந்ததும் ஊசி இல்லாத சிரிஞ்சால் உறிஞ்சிப் பார்த்தேன். நுரையைக் கழித்தால் 0.9 மில்லி.

"இவ்வளவுதானா? ஒரு கவருக்கு ஸ்டாம்ப் ஒட்டக்கூடக் காணாது போலிருக்கே" என்றார். முப்பது வருஷம் தபால் ஆபீஸில் வேலை பார்த்தவர்.

0.9 மில்லியை 15 நிமிடத்தால் வகுத்தால் நிமிடத்துக்கு 0.06 மில்லி. அம்மாவுக்கு இருப்பது ஷோக்ரன் என்ற, வாயையும் கண்ணையும் வறள வைக்கும் நோய். நிமிடத்துக்கு 0.1 அல்லது அதற்கும் குறைவு என்றால், அந்த நோயைத் தீர்மானிக்கும் அளவுகோல்களில் அது ஒன்று. நல்ல வாயில் நாளொன்றுக்கு அரை லிட்டரிலிருந்து ஒன்றரை லிட்டர் வரை உமிழ்நீர் ஊறும். நமக்கெல்லாம் அது ஊறுவதே தெரிவதில்லை. அம்மாவுக்கு மாரி பிஸ்கட் மேலண்ணத்தில் சாந்து மாதிரி அப்பிக்கொள்கிறது. சட்னி இல்லாத இட்லி தொண்டையில் இறங்க மறுக்கிறது. போனில் பேசும்போது நடுவில் நாக்கு ஒட்டிக்கொண்டு 'டக்' என்று சத்தம் வருகிறது.

இந்தக் கணக்கெல்லாம் எதற்கு என்றால், ஒரே வாரத்தில் எங்களுக்கு நான்கு யோசனைகள் வந்து சேர்ந்தன. ருமட்டாலஜிஸ்ட் (மூட்டுவாத டாக்டர்) பைலோகார்பின் என்ற, எச்சில் சுரக்க வைக்கும் மாத்திரை எழுதிக் கொடுத்தார். ஒரு கிளினிக்கில் கன்னத்திலும் தாடைக்கடியிலும் லேசர் ஒளி காட்டுவதாகவும், 12 சிட்டிங் கொண்ட பேக்கேஜ் என்றும் சொன்னார்கள். பல் டாக்டர், "முதல்ல பல்லைக் காப்பாத்துங்க" என்றார். பெரியம்மா நெல்லிக்காயை வாயில் அடக்கிக்கொள்ளச் சொன்னார். நான்கையும் எடைபோட்டுப் பார்த்ததில் நான் வந்து நின்ற இடத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: அம்மாவைப் போன்றவர்களுக்கு மாத்திரைதான் முதலில். லேசரைத் தள்ளிவிடவில்லை, பின்னுக்கு வைத்திருக்கிறேன். பல் டாக்டர் சொன்னது இந்தப் போட்டியிலேயே சேராது. எதைத் தேர்ந்தெடுத்தாலும் அதைச் செய்தே ஆக வேண்டும்.

நோயைக் கொஞ்சம் பார்த்துவிடலாம். 1933இல் ஸ்வீடன் நாட்டுக் கண் மருத்துவர் ஹென்ரிக் ஷோக்ரன், கண்ணும் வாயும் சேர்ந்து வறண்டுபோன 19 பெண்களைப் பற்றி ஆய்வேடு எழுதினார். அவர் பெயரே நோய்க்கு நின்றுவிட்டது. நம்மைக் காக்க வேண்டிய வெள்ளையணுக்களே உமிழ்நீர்ச் சுரப்பிகளிலும் கண்ணீர்ச் சுரப்பிகளிலும் போய்க் குடியேறி அவற்றைச் சிதைக்கும் நோய் இது. பாதிக்கப்படும் பத்துப் பேரில் ஒன்பது பேர் பெண்கள். தனியாகவும் வரும், முடக்குவாதம், லூபஸ் (உடம்பு தன் தோலையும் உறுப்புகளையும் தானே தாக்கும் இன்னொரு நோய்) போன்றவற்றோடு கூடவும் வரும். அம்மாவுக்கு முடக்குவாதத்தின் பின்னாலேயே வந்தது.

இதில் சிகிச்சையைத் தேர்ந்தெடுப்பவர்கள் கவனிக்க வேண்டிய ஒரு நுட்பம் உண்டு. வாய் வறண்டிருக்கிறது என்பதாலேயே சுரப்பி செத்துவிட்டது என்று அர்த்தமில்லை. சுரப்பித் திசு ஓரளவு மிஞ்சியிருந்தும், சுரக்கச் சொல்லும் நரம்பின் உத்தரவு அதற்குச் சரியாகப் போய்ச் சேராமல் இருக்கலாம். கிணறு தூர்ந்துவிட்டதா, மோட்டார் ஓடவில்லையா என்று பார்ப்பது போலத்தான். அதற்கு இரண்டாவது பரிசோதனை. சர்க்கரை இல்லாத சூயிங்கம் ஒன்றைக் கொடுத்து 5 நிமிடம் மெல்லச் சொன்னேன். ஊறியதை எல்லாம் அதே மூடியில் பிடித்தோம். 2.5 மில்லி! நிமிடத்துக்கு 0.5. மெல்லும்போது 0.7க்குக் கீழே போனால் குறைவு என்பார்கள், ஆக, குறைவுதான். ஆனால் சும்மா இருக்கும்போது 0.06 ஊறும் வாயில், தூண்டினால் எட்டு மடங்கு ஊறுகிறது. கிணற்றில் தண்ணீர் இருக்கிறது. (வீட்டில் அளந்தது தோராயம்தான். டாக்டரிடம் காட்டினோம், அவர் மறுபடி அளக்கச் சொன்னார்.)

ஐரோப்பிய மூட்டுவாத மருத்துவர்களின் கூட்டமைப்பு 2020இல் வெளியிட்ட பரிந்துரையும் இந்த வழியில்தான் போகிறது. வாய் வறட்சிக்கு மருத்துவம் தொடங்கும் முன் சுரப்பி எவ்வளவு வேலை செய்கிறது என்று அளக்கச் சொல்கிறது. லேசான குறை என்றால் மெல்லுவது, சப்புவது போன்ற மருந்தில்லாத தூண்டல். நடுத்தரம் என்றால் பைலோகார்பின் மாதிரி சுரக்க வைக்கும் மாத்திரை. எவ்வளவு தூண்டியும் எதுவும் வரவில்லை என்றால் செயற்கை உமிழ்நீர். இந்த மூன்று படிகளில் லேசர் ஒளிக்கு இடமில்லை. கிளினிக்கின் வண்ண நோட்டீஸில் அது முதல் படியில் இருக்கிறது.

மருந்தில்லாத வழிகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம், ஏனென்றால் சந்தேகத்துக்கு அங்கே அதிக இடமில்லை. சாப்பிட்டதும் சர்க்கரையில்லாத சூயிங்கம், முடிந்தால் சைலிட்டால் என்ற, பல்லைக் கெடுக்காத இனிப்பு சேர்த்தது. அடிக்கடி ஒரு வாய் தண்ணீர். மடக்மடக்கென்று குடித்தால் வயிறுதான் நிறையும், வாய் நனைவது கொஞ்ச நேரம். இரவில் செயற்கை உமிழ்நீர் ஸ்ப்ரே அல்லது ஜெல். சாப்பாட்டில் ரசமும் மோரும். பெரியம்மாவின் நெல்லிக்காய் எச்சிலை ஊற வைக்கும் என்பது உண்மைதான். ஆனால் அமிலத்தைக் கழுவிவிட எச்சில் இல்லாத வாயில் நாள் முழுவதும் புளிப்பை அடக்கிவைத்தால் பல் எனாமல் கரையும். எலுமிச்சை மிட்டாய்க்கும் அதே கதி, சர்க்கரை வேறு. அப்புறம், வீட்டு மாத்திரை டப்பாவை ஒரு முறை கவிழ்த்துப் பாருங்கள். அரிப்புக்கும் சளிக்கும் போடும் அவில், தூக்கத்துக்கும் நரம்பு வலிக்கும் எழுதப்படும் அமிட்ரிப்டிலின், சிறுநீர் அடக்க முடியாதவர்களுக்குத் தரும் ஆக்சிபியூட்டினின் எல்லாமே வாயை வறள வைப்பவை. அம்மா பல மாதமாக ராத்திரியில் அவில் போட்டுக்கொண்டிருந்தார். லேசருக்கு எவ்வளவு ஆகும் என்று விசாரித்துக்கொண்டிருந்த நாங்கள் இதைக் கேட்கவே இல்லை.

சரி, மாத்திரைக்கு வருவோம். பைலோகார்பின் பிரேசில் காடுகளில் வளரும் ஜபொராண்டி என்ற செடியின் இலையிலிருந்து கிடைத்த மருந்து. சுரக்கச் சொல்லும் நரம்பு உத்தரவை இது தானே போட்டுவிடும். அமெரிக்காவில் 1994இல் கதிர்வீச்சால் வந்த வாய் வறட்சிக்கும், 1998இல் ஷோக்ரன் நோய்க்கும் அனுமதி கிடைத்தது. வழக்கமான அளவு 5 மில்லிகிராம், நாளுக்கு நான்கு முறை. போட்ட 20 நிமிடத்தில் ஊற ஆரம்பித்து, ஒரு மணி நேரத்தில் உச்சத்துக்குப் போய், மூன்று முதல் ஐந்து மணி நேரம் நிற்கும். எண்ணெய்ப் பலகாரத்தோடு போட்டால் வேலை செய்யத் தாமதமாகும். முழுப் பலன் தெரிய ஆறு வாரமாவது விட வேண்டும். நாங்கள் போன முதல் கடையில் இந்தப் பெயரைக் கேட்டதும் கண் சொட்டு மருந்தை எடுத்து நீட்டினார்கள். கண் அழுத்தத்துக்கு அதே மருந்து சொட்டாக வரும். மாத்திரை என்று இரண்டு தரம் சொல்ல வேண்டியிருந்தது.

இந்த மாத்திரையை எனக்குப் பிடித்ததற்குக் காரணம் அதன் சோதனை. 1999இல் வெளியான ஆய்வில் 373 ஷோக்ரன் நோயாளிகள், 12 வாரம். நிஜ மாத்திரை போட்டவர்களில் சுமார் 60 சதவீதம் பேர் வாய் வறட்சி தேவலை என்றார்கள். மருந்தே இல்லாத வெற்று மாத்திரை போட்டவர்களிலும் சுமார் 30 சதவீதம் பேர் தேவலை என்றார்கள்! இந்த இரண்டாவது எண்ணை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், லேசர் விஷயத்தில் உதவும். ஒன்றுமே கொடுக்காவிட்டாலும், கவனித்துக்கொள்கிறார்கள் என்ற எண்ணத்திலேயே பத்தில் மூன்று பேருக்கு வாய் ஈரமாகத் தோன்றும்.

தொல்லையும் உண்டு. உடம்பெங்கும் உள்ள சுரப்பிகளை ஒன்றாகத் தட்டி எழுப்பும் மருந்து என்பதால் வியர்க்கும். வியர்க்கும் என்றால் சித்திரை மாதத்தில் பஸ்ஸில் நிற்பது மாதிரி, உச்சந்தலையிலிருந்து. சிறுநீர் அடிக்கடி வரும், சிலருக்குக் குமட்டும், முகம் சிவக்கும். கட்டுப்படாத ஆஸ்துமா உள்ளவர்களும், குறுகிய கோணக் கண் அழுத்தம் அல்லது கண்ணின் கருவிழிப்படல அழற்சி உள்ளவர்களும் தொடக் கூடாது. இதயத்துக்கு பீட்டா பிளாக்கர் போடுபவர்கள் டாக்டரிடம் சொல்லிவிட்டுத்தான் தொடங்க வேண்டும். அம்மாவுக்கு டாக்டர் பாதி மாத்திரையில் தொடங்கி மெல்ல ஏற்றினார். முதல் வாரம் முந்தானையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டே இருந்தார். மூன்றாவது வாரம் அந்தப் பேச்சு நின்றது.

இனி லேசர். அம்மா முதலில் பயந்துபோனார். "கரண்ட் வைக்கிறாங்களா?" என்று கேட்டார். புற்றுநோய்க்குக் கொடுக்கும் கதிர்வீச்சை நம் பக்கம் 'கரண்ட் வைப்பது' என்றுதான் சொல்வோம், அவருடைய தோழி ஒருவருக்குக் கழுத்தில் கரண்ட் வைத்து வாய் வறண்டே போனது. இது அதில்லை. சுடாத, வெட்டாத, குறைந்த சக்தி ஒளி. சிவப்பு நிறம், அல்லது கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு. 1967இல் புடாபெஸ்டில் எண்ட்ரே மெஸ்டர் என்ற மருத்துவர் லேசர் பட்டால் புற்று வருமா என்று பார்க்க முடி சிரைத்த எலிகள்மேல் ஒளி பாய்ச்சினார். புற்று வரவில்லை, ஒளி பட்ட எலிகளுக்கு முடி சீக்கிரம் முளைத்தது. கதை அங்கே தொடங்குகிறது. உயிரணுவுக்குள் சக்தி தயாரிக்கும் மைட்டோகாண்டிரியாவில் சைட்டோகுரோம் சி ஆக்சிடேஸ் என்ற நொதி இந்த ஒளியைப் பிடித்துக்கொள்கிறது, அதனால் சக்தி உற்பத்தி கூடுகிறது, அழற்சி தணிகிறது என்பது பரவலாகச் சொல்லப்படும் விளக்கம். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் சுரப்பிக்குள் குடியேறிய வெள்ளையணுக்கள் அங்கேயேதான் இருக்கும். அவற்றை ஒளி வெளியேற்றிவிடும் என்று யாரும் நிரூபித்துக் காட்டவில்லை.

கிளினிக்கில் என்னிடம் ஒரு கட்டுரையின் நகலைக் கொடுத்தார்கள். அது உண்மையான ஆய்வுதான். ஆனால் எதைப் பற்றி? தலை, கழுத்துப் புற்றுநோய்க்குச் சிகிச்சை எடுப்பவர்களுக்கு வாயெல்லாம் வெந்து புண்ணாகிவிடும் அல்லவா, அந்தப் புண் வராமல் தடுக்க வாய்க்குள் ஒளி காட்டுவது பற்றி. அதற்கு வலுவான சான்று இருக்கிறது. புற்றுநோய் ஆதரவுச் சிகிச்சைக்கான சர்வதேச அமைப்பே பரிந்துரைக்கிறது. புண் வேறு, வறட்சி வேறு; கதிர்வீச்சில் காயப்பட்ட வாய் வேறு, தன் உடம்பே தாக்கும் சுரப்பி வேறு. பக்கத்து வீட்டுப் பிள்ளை வாங்கிய மார்க்கை நம் பிள்ளையின் ரிப்போர்ட் கார்டில் ஒட்டக் கூடாது. லேசர் பற்றி நீங்கள் பார்க்கும் 'ஆதாரங்களை' இந்த ஒரு கேள்வியோடு படியுங்கள்: இது எந்த நோயாளிகளிடம் செய்தது?

ஷோக்ரன் நோயாளிகளிடமே செய்தவை மிகக் கொஞ்சம். பிரேசிலில் 60 வயதுப் பெண் ஒருவருக்கு 780 நானோமீட்டர் (ஒளியின் அலைநீளம்) லேசரை வாரம் மூன்று முறை, எட்டு மாதம் காட்டியதில் வறட்சி குறைந்ததாக 2009இல் எழுதினார்கள். ஒரே ஒருவர், கிட்டத்தட்ட நூறு தடவை போய் வந்தவர். இத்தாலியில் சுமார் இரண்டு டஜன் பெண்களுக்கு அக்குபங்சர் புள்ளிகளில் லேசர் வைத்துப் பார்த்ததில் உமிழ்நீர் கூடியதாக 2015இல் ஓர் ஆய்வு வந்தது. மூன்றாவதுதான் என் கையைப் பிடித்து நிறுத்தியது. 2018இல் வெளியான இந்த ஆய்வும் பிரேசிலில்தான். 66 ஷோக்ரன் நோயாளிகளில் பாதிப் பேருக்கு நிஜமான 808 நானோமீட்டர் லேசர், பாதிப் பேருக்குப் போலி. வாரம் இரண்டு, ஆறு வாரம், மொத்தம் 12 முறை. வறட்சியிலும் சரி, உமிழ்நீர் அளவிலும் சரி, போலி ஒளியைவிட நிஜ ஒளி மேல் என்று தெரியவில்லை.

12 முறை. எங்களுக்குச் சொன்ன பேக்கேஜும் அதேதான்.

லேசர் பக்கம் நின்று ஒரு நியாயமும் பேச வேண்டும். இந்த ஒளியில் அளவுதான் எல்லாம். குறைந்தால் பலனில்லை, கூடினாலும் பலன் குறைந்துவிடும். நாற்றுக்குத் தண்ணீர் காட்டுவது மாதிரி. ஆகவே 'அந்த அளவில் பலிக்கவில்லை, வேறு அளவில் பலிக்கலாம்' என்று ஆராய்ச்சி செய்பவர்கள் சொன்னால் அது சாக்கு அல்ல. ஆனால் அந்த வேறு அளவு எது என்று கண்டுபிடிக்கும் வரை, அதைத் தேடும் செலவு என் அம்மாவின் பென்ஷனிலிருந்து போக வேண்டியதில்லை. இலவசமாக நடக்கும் முறையான ஆய்வு ஒன்றில் சேரச் சொன்னால் சம்மதிப்பேன். கட்டணம் கட்டிச் சோதனை எலியாவதற்குச் சம்மதமில்லை.

ஆன்லைனில் விற்கும் சிவப்பு விளக்கு முகமூடிகளைப் பற்றியும் கேட்கிறார்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள். 100 மில்லிவாட் ஒளியை ஒரு சதுர சென்டிமீட்டரில் 40 விநாடி பிடித்தால் விழும் சக்தி 4 ஜூல். இது தோலின்மேல் விழும் கணக்கு. காதுக்கு முன்னால் இருக்கும் பெரிய சுரப்பி தோல், கொழுப்புக்கு அடியில் இருக்கிறது. தாடைக்கடிச் சுரப்பி இன்னும் உள்ளே. சிவப்பு ஒளி சில மில்லிமீட்டருக்குள் பெரும்பாலும் தேய்ந்துவிடும், அகச்சிவப்பு இன்னும் கொஞ்சம் ஆழம் போகும். முகச்சுருக்கத்துக்காகச் செய்த முகமூடி தாடைக்கடியில் படவே படாது. அலைநீளமும் சதுர சென்டிமீட்டருக்கு எத்தனை மில்லிவாட் என்பதும் அட்டைப்பெட்டியில் இல்லாத விளக்கு, அறைக்கு அழகு.

இந்த ஒளியால் கெடுதல் உண்டா என்றால், பொதுவாகக் குறைவு. வலிக்காது, வியர்க்காது, மாத்திரையைவிட அதன் பெரிய பலம் அதுதான். கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி கட்டாயம். லூபஸ் சேர்ந்திருப்பவர்களும் வெயில் பட்டால் தோல் தடிப்பவர்களும் டாக்டரைக் கேட்காமல் எந்த ஒளிச் சிகிச்சையும் தொடங்க வேண்டாம். ஆனால் எனக்கு நிஜமான பயம் வேறு இடத்தில். ஷோக்ரன் உள்ளவர்களில் ஏறத்தாழ நூறில் ஐந்து பேருக்குப் பிற்காலத்தில் நிணநீர்ப் புற்று வரக்கூடும். காதடிச் சுரப்பி வீங்கியே இருப்பது, ஒரு பக்கம் மட்டும் கல் மாதிரி கெட்டியாவது, காரணமில்லாமல் எடை குறைவது எல்லாம் அதற்கான எச்சரிக்கை. அந்த வீக்கத்தின்மேல், ஸ்கேன் எடுக்காமல், 'வீக்கம் வத்திடும்' என்று ஆறு வாரம் ஒளி காட்டிக்கொண்டிருப்பதில் கெடுவது காசு மட்டுமல்ல, நேரமும்தான். எங்களிடம் பேக்கேஜ் சொன்னவர்கள் அம்மாவின் கன்னத்தைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை.

அப்படியென்றால் லேசர் யாருக்கு? மெல்லும்போது கொஞ்சமாவது ஊறுகிறது, ஆனால் ஆஸ்துமாவோ கண் நோயோ இருப்பதால் மாத்திரை போட முடியாது, அல்லது போட்டுப் பார்த்து வியர்வையில் நொந்துபோனார்கள். வீக்கம் எதுவும் இல்லை என்று ருமட்டாலஜிஸ்ட் பார்த்துச் சொல்லிவிட்டார். பக்கத்திலேயே பல் மருத்துவக் கல்லூரியில் குறைந்த செலவில் செய்கிறார்கள். இப்படிப்பட்ட ஒருவர் என்னிடம் கேட்டால், தொடங்கும் முன் மூடியில் அளந்து எழுதிவைத்துக்கொண்டு, ஆறு வாரம் கழித்து மறுபடி அளந்து, எண் ஏறாவிட்டால் நிறுத்திவிடுங்கள் என்பேன். தூண்டினாலும் துளிகூட வராதவர்களுக்கு மாத்திரையும் பெரிதாக உதவாது. அங்கே ஒளியையும் நம்பாமல் ஜெல், ஸ்ப்ரேயோடு வசதியாக இருப்பதே மேல்.

இன்னொன்று. முடக்குவாதத்துக்குப் போடும் ஹைட்ராக்ஸிகுளோரோகுயின் வறட்சியையும் தீர்க்கும் என்று பலர் காத்திருக்கிறார்கள். பிரான்சில் 120 பேரிடம் 24 வாரம் கொடுத்துப் பார்த்த ஆய்வு 2014இல் வெளியானது. வறட்சி, வலி, களைப்பு எதிலும் வெற்று மாத்திரையை அது மிஞ்சவில்லை. மூட்டுக்கோ தோலுக்கோ டாக்டர் கொடுத்திருந்தால் நிறுத்தாதீர்கள். வாய்க்காக எதிர்பார்க்காதீர்கள், அவ்வளவுதான்.

பல் விஷயம் கடைசியில் வந்தாலும் செலவுக் கணக்கில் முதலில் எழுதியது அதைத்தான். எச்சில் இல்லாத வாயில் சொத்தை வழக்கமான இடத்தில் வராமல், ஈறை ஒட்டிய கழுத்துப் பகுதியில் வரிசையாக வரும். இந்தியாவில் சாதாரண பற்பசையில் ஃப்ளோரைடு 1000 பிபிஎம்மை (பத்து லட்சத்தில் ஆயிரம் பங்கு) தாண்டக் கூடாது என்று விதி இருக்கிறது. பல் டாக்டர் பூசும் 5 சதவீத சோடியம் ஃப்ளோரைடு வார்னிஷில் அது 22,600. மூன்று மாதத்துக்கு ஒரு முறை, பத்து நிமிட வேலை. நாக்கு சிவந்து எரிந்தால், வாயோரம் வெடித்தால், காளான் தொற்றா என்றும் அவரே பார்ப்பார். அதற்குத் தனி மருந்து உண்டு, அது தீராமல் எந்த வாயும் தேவலையாகாது.

இப்போது அம்மா நாளுக்கு மூன்று மாத்திரை போடுகிறார். நான்காவதைப் போட்டால் ராத்திரி இரண்டு முறை எழுந்திருக்க வேண்டியிருக்கிறது என்று டாக்டரே விட்டுவிடச் சொன்னார். அவிலையும் மாற்றிவிட்டார். எட்டாவது வாரம் அதே நாற்காலி, அதே மூடி, 15 நிமிடம்: 1.8 மில்லி. இரண்டு மடங்கு. மாத்திரையாலா, அவிலை விட்டதாலா என்று பிரித்துச் சொல்ல முடியாது. இரண்டையும் ஒன்றாகச் செய்தது என் தப்பு.

கிளினிக்கிலிருந்து இரண்டு முறை போன் வந்தது. எத்தனை நானோமீட்டர், ஒரு புள்ளிக்கு எத்தனை ஜூல் என்று மட்டும் கேட்டேன். மேடத்தைக் கேட்டுவிட்டுக் கூப்பிடுகிறேன் என்றார் அந்தப் பெண்.